ஈற்றடியும் இணக்கமும்: காலவரைக்குட்பட்ட கவிப்போட்டிகளில் சொற்பிரிப்பின் ஆற்றல்

1. முன்னுரை

கங்காதர நெல்லூர், சித்தூர் மாவட்டத்தின் மண்டலத் தலைமையூர்களுள் ஒன்று. தமிழக எல்லைக்கு அண்மையில் அமைந்த இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் தெலுங்கும் தமிழும் அருகருகே வழங்கி வருகின்றன. நெல்லூர் என்னும் பெயரை நெல் + ஊர் எனப் பிரிப்பது தமிழறிந்தார்க்கு இயல்பு. பெரிய நெல்லூர்க்கு வழங்கும் தலக்கதையோ நெல்லி மரத்தை முன்னிறுத்தி, நெல்லியூர் என்பதன் மரூஉவாக அப்பெயரைக் காட்டும். பிரிக்கும் இடம் மாறினால் பொருளும் மாறும் என்பதற்கு இஃது ஓர் எளிய சான்று. இவ்வுண்மையையே அடித்தளமாகக் கொண்டு, குறித்த காலத்திற்குள் கவி இயற்றும் போட்டி என்னும் பெருமரபு தமிழிலும் தெலுங்கிலும் வளர்ந்துள்ளது.

இம்மரபினை ஆராய்வதற்குச் சித்தூர், திருப்பதி ஆகிய இரு மாவட்டங்களும் பொருத்தமான களங்களாகும். 1911ஆம் ஆண்டு வரை சித்தூர், வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் தலைநகராக விளங்கிற்று. அவ்வாண்டில் சித்தூர் மாவட்டம் தனியே அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960 ஏப்ரல் முதல் நாளில் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மாறியது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதி மாவட்டம் தனியாகப் பிரிக்கப்பட்டது. காளத்தியும் வேங்கடகிரியும் இன்று அம்மாவட்டத்தில் உள்ளன. ஆட்சி எல்லைகள் பலமுறை மாறியபோதிலும், இரு மொழிப் புலமை மரபுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்துள்ளமை இந்நிலப்பகுதியின் சிறப்பியல்பாகும்.

காலவரைக்குட்பட்ட கவிப்போட்டிகளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அவற்றுள் பகையுணர்வு சார்ந்தனவற்றையும் நட்புணர்வு சார்ந்தனவற்றையும் பிரித்தறிந்து, பின்னவற்றில் சொற்பிரிப்பு வகிக்கும் பங்கினை விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும். இப்பாடல்களை மொழிபெயர்ப்போர் எதிர்கொள்ளும் சிக்கலும் இறுதியில் ஆராயப்படுகிறது.

2. ஆசுகவியும் காலமும்

பாட்டியல் நூலார் புலவரை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைப்படுத்துவர். பிறரொருவர் பொருளையும் பாவையும் அணியையும் அடியையும் வரையறுத்துக் கொடுக்க, அவ்வரையறைக்குள் நின்று அப்பொழுதே பாடுபவன் ஆசுகவி. இவ்விலக்கணத்தில் இரு கூறுகள் உள்ளன. ஒன்று விரைவு, மற்றொன்று, வரையறை பாடுவோனிடமிருந்து தோன்றாமல் பிறரிடமிருந்து வருதல். ஆசுகவியை விரைந்து பாடுவோன் என்று மட்டும் கொள்வது பாதி விளக்கமே ஆகும். கேட்போன் ஒருவன் இன்றி ஆசுகவி இல்லை.

காலத்தை அளக்கும் முறையிலும் இம்மரபு மொழியோடு ஒட்டியே நிற்கிறது. கண்ணிமைத்தலையும் கைந்நொடித்தலையும் மாத்திரைக்கு அளவாகக் கொண்டது தமிழ் எழுத்திலக்கணம். காளமேகப் புலவர் தம் விரைவினைக் கூறுமிடத்து, ஓரசையை ஒலிக்கும் நேரத்திற்குள் நூற்றுக்கணக்கான பாடல்கள் தோன்றும் என்று கூறியதாகத் தனிப்பாடல் மரபு குறிக்கும். இதில் மிகைக்கூற்று இருப்பது வெளிப்படை. ஆயினும், பாட்டின் விரைவை அளக்கும் கோலாகப் பேச்சொலியே கொள்ளப்பட்டமை மொழியியலார் நோக்கத்தக்கது.

பிறர் கொடுத்த அடியை நிரப்பிப் பாடுதல் தமிழகத்திற்கு மட்டும் உரியதன்று. வடமொழிக் காமசூத்திரம் கூறும் அறுபத்துநான்கு கலைகளுள் சமஸ்யையை நிறைவுசெய்தலும் ஒன்று. உருதுக் கவியரங்குகளில் முன்னரே ஓர் அடியைக் கொடுத்து, அதன் யாப்பிலும் இயைபிலும் அனைவரும் பாடும் தரஹி முஷாயிரா என்னும் முறை உண்டு. வங்காளத்தில் கவிகான் என்னும் எதிர்ப்பாட்டுப் போட்டி வழங்கியது. ஐரோப்பாவில் பாஸ்கு மொழியினர், தலைப்பையும் மெட்டையும் பெற்று மேடையிலேயே பாடும் பெர்ட்சோலாரிகளுக்கெனப் போட்டி நடத்துகின்றனர். அதன் முதற்போட்டி 1935இல் நடந்தது. ஆகவே இஃது உலகப் பொதுமை வாய்ந்த ஒரு நிகழ்கலை. எனினும், அந்தந்த மொழியின் அமைப்பு எதனை எளிதாக்குகிறது, எதனை அரிதாக்குகிறது என்பதைப் பொறுத்துப் போட்டியின் வடிவம் வேறுபடுகிறது.

3. பகைப்போட்டிகள்

தமிழில் மிகுதியும் பேசப்படும் கவிப்போட்டி, திருமலைராயன் அவையில் காளமேகப் புலவர் பாடிய எமகண்டம் ஆகும். காளமேகம் 15ஆம் நூற்றாண்டினர். கொதிக்கும் எண்ணெய்க் கொப்பரைக்கு மேலே உறியில் அமர்ந்து, உடலிற் கத்திகள் பிணிக்கப்பட்ட நிலையில், அதிமதுரகவியும் பிறரும் கேட்டவற்றிற்கெல்லாம் அவர் உடனுக்குடன் பாடினார் என்பது கதை. தவறினால் உயிர் போகும். அரிகண்டம் என்பதும் இத்தகையதே.

இக்கதை நமக்கு எவ்வழி வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. இதனைப் பரவலாக அறியச் செய்த நூல் 1876இல் வெளிவந்த விநோதரசமஞ்சரி. அதன் ஆசிரியர் வீராசாமி செட்டியார் அட்டாவதானம் என்னும் பட்டம் பெற்றவர். அவர் பயின்ற கலையில் கொப்பரையும் கத்தியும் இல்லை. அவையும் வினாவும் விடையுமே உண்டு. எனவே, 15ஆம் நூற்றாண்டின் கொடிய போட்டியை நாம் 19ஆம் நூற்றாண்டின் நட்புப் போட்டியாளர் ஒருவரின் எழுத்து வழியாகவே பெரிதும் காண்கிறோம். எமகண்டக் கதையில் உயிரச்சம் அத்தனை விரிவாக வருணிக்கப்பட்டதற்கு, தம் காலத்து அவைக்கலையின் பெருமையை முன்னோர் வரலாற்றால் உயர்த்திக் காட்டும் விருப்பம் ஒரு காரணமாகலாம். பகைப்போட்டி முந்தியது, நட்புப்போட்டி பிந்தியது எனக் கால வரிசைப்படுத்துவதற்கு இக்கதை ஒன்றே போதிய சான்றாகாது.

தெலுங்கு மரபில் இதற்கு இணையாக நிற்பது, அதே நூற்றாண்டில் விசயநகரத்து இரண்டாம் தேவராயன் அவையில் ஸ்ரீநாதர் கௌட டிண்டிமரை வென்று, அவருடைய வெண்கலப் பறையை உடைப்பித்த கதையாகும். டிண்டிமம் என்பது பறை. புலமைக்கு அடையாளமாக அதனை முழக்கிவந்த டிண்டிமக் கவிகள் பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த முள்ளண்டிரம் என்னும் ஊரினர். தோற்ற டிண்டிமரும் இக்குடியினரே என்று கருதும் ஆராய்ச்சியாளர் உளர். அவ்வாறாயின், தெலுங்கு இலக்கியத்தின் புகழ்மிக்க வாதவெற்றிக்கு எதிர்த்தரப்பாக நின்றவரும் இந்த எல்லைப் பகுதியோடு தொடர்புடையவரே ஆவார்.

எழுத்துவழிப் போட்டி என்று திட்டமாகக் கூறத்தக்கது சிவப்பிரகாச சுவாமிகள் வரலாற்றில் வருவதாகும். 17ஆம் நூற்றாண்டினராகிய அவர், வெள்ளியம்பலவாணத் தம்பிரானிடம் இலக்கணம் கற்றபின் காணிக்கை தர முற்பட்டபோது, தம்மை இகழ்ந்துவந்த திருச்செந்தூர்ப் புலவர் ஒருவரை வெல்லுதலே போதும் என்றாராம் ஆசிரியர். இருவரும் முருகன்மீது நிரோட்டக யமக அந்தாதி பாடத் தொடங்கினர். முதலில் முடிப்பவரே வென்றவர்; தோற்றவர் வென்றவர்க்கு அடிமை. மற்றவர் ஒரு பாடலையும் முடிக்குமுன் சிவப்பிரகாசர் முப்பதையும் முடித்தார் என்பர். திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதி இன்றும் நம் கையில் உள்ளது. போட்டி பற்றிய செய்தியில் மிகை இருப்பினும், நூல் மெய்.

நிரோட்டகம் என்பது இதழ் ஒட்டாமலும் குவியாமலும் பாடுவது. ப, ம, வ என்னும் மெய்களும், உ, ஊ, ஒ, ஓ, ஔ என்னும் உயிர்களும் விலக்கப்படும். ஒலிப்பிடம் பற்றி ஒருங்கு சேரும் ஓரின ஒலிகள் முழுவதையும் விலக்கும் இவ்விதி, பழந்தமிழ்ப் புலவர்க்கு ஒலியியல் அறிவு எத்துணைச் செயல்நிலையில் இருந்தது என்பதைக் காட்டும். முருகன் என்னும் பெயரையே முருகனைப் பாடும் நூலில் ஆள இயலாது. விலக்கப்பட்ட சொற்களின் இடத்தில் வேறு சொற்களைத் தேடும் இத்தேவையே நிகண்டுக் கல்விக்கு ஒரு பயனாக அமைந்தது.

4. காளத்தி: ஒரு சொல் வழக்கு, இரு மொழிகள்

சொல்லுக்கு ஆற்றல் உண்டு என்னும் நம்பிக்கை இப்போட்டிகளின் பின்னணியாக உள்ளது. நிறைந்த மொழியை உடையோர் தம் ஆணையாற் கூறும் மறைவான மொழியே மந்திரம் என்பது தொல்காப்பியச் செய்யுளியலின் கருத்து. அதன் உரையில், வடமொழி நன்று தமிழ் தீது என்ற குயவன் ஒருவனை நக்கீரர் ஒரு பாட்டால் இறக்கச் செய்து, மற்றொரு பாட்டால் உயிர்ப்பித்த கதை எடுத்துக்காட்டாக வருகிறது. அறம் பாடுதல் பற்றிய பிற்காலக் கதைகளும் இந்நம்பிக்கையின் தொடர்ச்சியே. இங்குச் சொல்லின் ஆற்றல் அழிக்கும் ஆற்றலாகவும், பின்னர் மீட்கும் ஆற்றலாகவும் காட்டப்படுகிறது.

நக்கீரர் பெயரால் வழங்கும் மற்றொரு கதை இப்பகுதியோடு நேரே தொடர்புடையது. பொற்கிழிக்காக மதுரை அவையில் வைக்கப்பட்ட பாட்டிற் குற்றம் கண்டு, இறைவனோடு வாதிட்டு நோயுற்ற நக்கீரர், அந்நோய் நீங்கிய இடம் பொன்முகலிக் கரையில் உள்ள காளத்தி என்று தலபுராணம் கூறும். பதினோராந் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரால் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி இடம் பெற்றுள்ளது. சங்கப் புலவர் நக்கீரரும் இவரும் ஒருவர் அல்லர் என்பது ஆராய்ச்சியாளர் பலர்க்கு உடன்பாடு. கதை மரபோ அவர்களை ஒருவராக்கிவிட்டது.

இக்கதையைத் தெலுங்கிலும் காண்கிறோம். கிருட்டிணதேவராயன் காலத்தவராகக் கருதப்படும் தூர்ஜடி, காளத்தி மான்மியத்தில் திண்ணன் கதையோடு நத்கீரர் கதையையும் பாடினார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டின் பின், கருணைப்பிரகாசர் முதலிய உடன்பிறந்தார் மூவர் பாடிய சீகாளத்திப் புராணத்தில் கண்ணப்பச் சருக்கமும் நக்கீரச் சருக்கமும் சிவப்பிரகாசர் பாடியவை. நிரோட்டகப் போட்டியில் வென்றவராகக் கூறப்படும் அதே புலவர், ஒரு பாட்டின் சொற்பொருள் பற்றிய வாதத்தால் துன்புற்ற புலவனின் கதையையும் பாடியது எண்ணத்தக்கது.

தெலுங்கு வடிவமாகிய நத்கீர என்பது, நக்கீரர் என்பதைவிட நற்கீரர் என்னும் வடிவத்திற்கே நெருங்கியது. றகர மெய்யை அடுத்துக் ககரம் வரும் இவ்விணைப்பைத் தெலுங்கு தகர மெய்யாக்கி ஏற்றுக்கொண்டது எனக் கொள்ளலாம். கதை எல்லை கடந்தபோது, பெயரின் புணர்ச்சி வடிவமும் தன் தடயத்தை விட்டுச் சென்றுள்ளது.

5. அவதானம்: நட்புப் போட்டியின் இலக்கணம்

அவதானம் என்பது பலர் ஒரே அமர்வில் எழுப்பும் வினாக்களைச் சிதறாத கவனத்துடன் ஏற்று விடையளித்தல். எண்மர் கேட்பின் அட்டாவதானம், பதினாறாயின் சோடசாவதானம், நூறாயின் சதாவதானம். கவனகம் என்னும் தமிழ்ச்சொல்லும் இதற்குப் பின்னர் வழக்கில் வந்தது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் அட்டாவதானம் சபாபதி முதலியார், சோடசாவதானம் சுப்பராய செட்டியார், அட்டாவதானம் பூவை கலியாணசுந்தர முதலியார் எனப் பட்டத்தோடு அறியப்பட்ட புலவர் பலர். யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற்பிள்ளை சதாவதானி என்னும் சிறப்புப் பெற்றவர்.

தமிழ் அவதானத்தில் பாட்டு இயற்றுதலோடு கணக்கு, சதுரங்கம், மணியோசையை எண்ணுதல், முதுகில் எறியப்படும் கற்களை எண்ணுதல் போன்றவையும் இடம் பெற்றன. தெலுங்கு அவதானத்தில் இலக்கியக் கூறுகளே மேலோங்கின. சமஸ்யை, நான்கு சொற்களைக் கொடுத்து வேறொரு பொருளில் பாடச் சொல்லும் தத்தபதி, எழுத்தை விலக்கும் நிஷித்தாட்சரி, வருணனை, ஆசு, இடையிடையே தொடர்பற்றவை பேசிக் கவனத்தைக் கலைக்கும் அப்பிரத்துதப் பிரசங்கம் ஆகியவை அதன் உறுப்புகள். வினவுவோரைப் பிருச்சகர் என்பர். ஒரு சுற்றில் ஒவ்வொரு பிருச்சகர்க்கும் ஓரடி மட்டுமே கூறி, நான்கு சுற்றுகளில் எல்லாப் பாடல்களையும் முடித்து, இறுதியில் அனைத்தையும் நினைவிலிருந்து முறையே ஒப்பித்தலே தாரணை. திவாகர்ல திருப்பதி சாஸ்திரி (1872–1920), செள்ளபிள்ள வேங்கட சாஸ்திரி (1870–1950) ஆகிய இருவரும் திருப்பதி வேங்கட கவிகள் என்னும் பெயரில் இணைந்து வேங்கடகிரி உள்ளிட்ட சமஸ்தானங்களில் இக்கலையைப் பரப்பினர். இங்குத் திருப்பதி என்பது ஊரன்று, புலவரின் பெயர். ஒருவர் தொடங்க மற்றவர் முடிக்கும் முறையால் இவர்கள் தமிழின் இரட்டைப்புலவரை நினைவூட்டுவர். பின்னாளில் திருப்பதியில் அன்னமாச்சாரியாத் திட்டத்தின் பொறுப்பில் இருந்த மேடசாணி மோகன் முதலியோர் வினவுவோர் எண்ணிக்கையை ஆயிரத்திற்கும் மேலாக உயர்த்தினர்.

நிஷித்தாட்சரி தனியே நோக்கத்தக்கது. அவதானி ஓரெழுத்தைக் கூறியவுடன், அடுத்து வரக்கூடும் எனத் தாம் ஊகிக்கும் மெய்யைப் பிருச்சகர் விலக்குவார். அவதானி வேறெழுத்தைத் தேட வேண்டும். நிரோட்டகத்தில் விலக்கு ஒலியின் வகை பற்றியது, முன்னரே அறியப்பட்டது. நிஷித்தாட்சரியில் விலக்கு அடுத்த எழுத்தின் நிகழ்தகவு பற்றியது, கணந்தோறும் மாறுவது. 1951இல் கிளாடு ஷானன், ஆங்கிலத் தொடரின் அடுத்த எழுத்தை ஒருவரை ஊகிக்கச் செய்து, அம்மொழியில் எத்துணை அளவு முன்னறியத்தக்கது என்பதை அளந்தார். தெலுங்கு மேடையில் பிருச்சகர் செய்வதும் அத்தகைய ஊகமே. வேறுபாடு, ஊகம் சரியாயின் அவ்வெழுத்து தடை செய்யப்படுகிறது என்பதாகும். மொழியின் பழகிய தடத்தை அடைத்து, பழகாத தடத்தில் மொழியைச் செலுத்தும் பயிற்சி இது. அடுத்து வரும் சொல்லைக் கணக்கிட்டுத் தரும் கணினிகள் பெருகிவிட்ட இக்காலத்தில் இவ்வுறுப்பு மொழியியலாரின் தனி ஆய்வுக்கு உரியது.

பிருச்சகர் வடிவத்தில் எதிரி, செயலில் துணைவர். அவர் கொடுக்கும் தடை கடினமாக இருந்தால்தான் விடை சிறக்கும். விடைக்கு இடமே இல்லாத தடையைக் கொடுப்பவர் அவையின் மதிப்பை இழப்பார். இருவரும் சேர்ந்தே பாட்டை ஆக்குகின்றனர். இதுவே நட்புப் போட்டியை எமகண்டக் கதையிலிருந்து வேறுபடுத்தும் கூறு.

6. 1907: ஓர் ஈற்றடியின் வரலாறு

நாஞ்சில் நாட்டுக் கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950) 1907 மார்ச் 10ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்தினார். அவரைப் பற்றி வழங்கும் செய்திகளுள் மிகவும் அறியப்பட்டது, அவையோர் ஒருவர் கொடுத்த ஈற்றடி பற்றியதாகும். துருக்கனுக்கு இராமனே துணை என்னும் பொருள்பட அவ்வடி அமைந்திருந்தது. துருக்கன் என்பது அக்கால வழக்கில் இசுலாமியரைக் குறிக்கும் சொல். பாடுபவர் இசுலாமியர், அவையில் பல சமயத்தாரும் இருந்தனர். அடியை ஏற்றுப் பாடினால் தம் சமயத்தார் மனம் வருந்தக்கூடும், மறுத்தால் தோல்வி, மறுத்துப் பேசினாலோ இராமனை வணங்குவோர் மனம் வருந்தக்கூடும்.

வெண்பாவின் அமைப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. நேரிசை வெண்பா நான்கடியும் பதினைந்து சீரும் உடையது. ஈற்றடி மூன்று சீர். அதன் இறுதிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் ஒன்றாக அமைதல் வேண்டும். துணை என்னும் சொல் மலர் வாய்பாட்டில் முடிவதால் கொடுக்கப்பட்ட அடி யாப்பிற்குப் பொருந்தும். எஞ்சிய பன்னிரண்டு சீர்களும் பாடுவோன் பொறுப்பு. ஆனால் அவற்றிலும் அவனுக்கு முழு உரிமை இல்லை. ஈற்றடி முதற்சீரின் இரண்டாம் எழுத்து எதுகையைக் கட்டுப்படுத்தும். தளை பின்னோக்கிக் கட்டுப்படுத்தும்.

பாவலர் செய்தது இது: இராமனின் தம்பியரை வரிசையாகக் கூறி, பரதன், இலக்குவன் என வந்து, மூன்றாம் அடியின் இறுதியில் ‘சத்’ என்னும் எழுத்துகளை நிறுத்தினார். அடுத்த அடி ‘துருக்கனுக்கு’ எனத் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து சத்துருக்கன் என்னும் தம்பியின் பெயராயின. இராமன் தன் தம்பியர்க்குத் துணை என்பது பொருள். கொடுத்த அடியில் ஓரெழுத்தும் மாறவில்லை. பொருள் முற்றும் மாறிற்று.

யாப்பின் தேவைக்காக ஒரு சொல்லைச் சீர் எல்லையிற் பிளத்தலை வகையுளி என்பர் இலக்கணத்தார். அடியெல்லையிற் பிளத்தல் தமிழில் அருகியே வரும். தெலுங்கு விருத்தங்களிலோ ஒரு சொல் அடியைக் கடந்து தொடர்தல் இயல்பு. எனவே தெலுங்குச் சமஸ்யையில் இவ்வுத்தி எதிர்பார்க்கத்தக்கது. தமிழ் வெண்பாவில் எதிர்பாராதது. பாவலர் விடையின் வியப்பிற்கு இவ்வருமையும் ஒரு காரணம். மற்றொன்றும் உண்டு. கேட்டவர் துருக்கன் என்பதைத் தனிச்சொல்லாகவே கேட்டார். அதற்கு முன் ஒரு சொல்லெல்லை உண்டு என்று அவர் கொண்டார். பாவலர் அவ்வெல்லையை நீக்கினார். மொழியியல் நோக்கில் இது சொல்லெல்லை ஒலிவழியாகக் குறிக்கப்படாமையைப் பயன்கொண்ட செயல்; சமூக நோக்கில், பிரித்துக் காட்ட வைத்த சொல்லை உறவுப்பெயராக்கிய செயல்.

காளமேகத்தின் சிலேடைகளோடு இதனை ஒப்பிடலாம். பாம்பிற்கும் வாழைப்பழத்திற்கும், பாம்பிற்கும் எள்ளிற்கும் பொருந்தப் பாடும் சிலேடையில் இரு பொருளும் ஒருங்கே நிற்கும்; கேட்போர் இரண்டையும் சுவைப்பர். ஈற்றடி விடையில் அவ்வாறன்று. முதற்பொருள் தோன்றி, பின் இல்லையாகிறது. அவ்வாறு இல்லையாவதே விடையின் வெற்றி. ஒன்று பொருளைக் கூட்டுவது. மற்றொன்று பொருளை மாற்றுவது. சொல்லின் ஆற்றல் எதிரியின் சொல்லை அழிப்பதில் இல்லை, அதனை அப்படியே ஏற்றுக்கொண்டு நல்வழிப்படுத்துவதில் உள்ளது என்பதே நட்புப் போட்டி தரும் பாடம் எனலாம்.

7. மேடையும் துண்டறிக்கையும் தேர்வுக்கூடமும்

அதே காலத்தில் அச்சு வழிப் போர் ஒன்றும் நிகழ்ந்தது. இராமலிங்க அடிகளின் பாடல்களை அருட்பா என்பதா மருட்பா என்பதா என்னும் வழக்கு, 1860களில் ஆறுமுக நாவலர் காலத்தில் தொடங்கி நீதிமன்றம் வரை சென்றது. பின்னர் நா. கதிரைவேற்பிள்ளை மருட்பாத் தரப்பில் நின்றார். செய்குத்தம்பிப் பாவலர் அருட்பாத் தரப்பில் நின்றார். இருவரும் சதாவதானிகள். மேடையில் நூறு வினாவிற்கு இன்முகத்தோடு விடையளிக்கும் கலையில் வல்லவர்கள், கண்டன நூல்களில் கடுஞ்சொல் மலிந்த ஒரு வழக்கின் இரு பக்கங்களில் நின்றனர். தெலுங்கிலும் திருப்பதி வேங்கட கவிகளுக்கும் கொப்பரப்பு சகோதர கவிகளுக்கும் இடையே கடும் பூசல் நிலவியது. ஆகவே நட்பு என்பது புலவரின் தனிக்குணத்தைச் சார்ந்ததன்று. வினவுவோனையும் விடையளிப்போனையும் ஓரவையில் நேருக்கு நேர் நிறுத்தி, காலத்தையும் விதியையும் பொதுவாக்கிய அமைப்பினைச் சார்ந்தது. துண்டறிக்கையில் கால எல்லை இல்லை. கேட்போர் முகமும் இல்லை.

இதே காலத்தில் புலமைக்குச் சான்று அளிக்கும் முறையும் மாறியது. இராமநாதபுரம் பொன்னுசாமித் தேவர் ஆதரவில் சந்திரசேகர கவிராச பண்டிதர் தனிப்பாடல் திரட்டைத் தொகுத்தார். வாய்மொழியாகப் பரவிய ஆசுகவிப் பாடல்கள் பல அதனால் நிலைபெற்றன. அத்தேவரின் மகன் பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கம் பண்டிதர் தேர்வுகளை நடத்தியது. தந்தை அவைப்பாட்டைத் தொகுப்பித்தார். மகன் எழுத்துத் தேர்வுக்கு வழி வகுத்தார். இன்று பள்ளிகளிலும் மன்றங்களிலும் தலைப்பைக் கொடுத்து ஒரு மணி நேரத்திற்குள் எழுதச் சொல்லும் கட்டுரை, கவிதைப் போட்டிகள் தேர்வுக்கூடத்தின் ஒழுங்கையும் ஆசுகவியின் விரைவையும் கலந்தவை. ஆனால் அவற்றில் வினவுவோன் தலைப்பைக் கொடுத்தபின் விலகிவிடுகிறான். எழுதுபவன் எதிர்கொள்ள வேண்டிய அயற்சொல் ஒன்றும் தாளில் இல்லை. ஈற்றடி கொடுக்கும் வழக்கம் இப்போட்டிகளில் மீண்டும் இடம் பெறின், மாணவர்க்கு விரைவோடு பிறர் சொல்லைப் போற்றும் பழக்கமும் வாய்க்கும்.

8. மொழிபெயர்ப்புச் சிக்கல்

பாவலர் பாடலைத் தெலுங்கில் பெயர்ப்பதாகக் கொள்வோம். இராமன் தன் தம்பியர்க்குத் துணை என்னும் பொருள் எளிதில் வந்துவிடும். ஆனால் அதனைப் படிக்கும் தெலுங்கர், இதில் வியப்பதற்கு என்ன உள்ளது என்று கேட்பார். பொருள் முழுவதும் வந்தும் பாடல் வரவில்லை. தெலுங்கிலும் துருக்கரைக் குறிக்கச் சொல் உண்டு. ஆனால் சத்ருக்னன் என்னும் வடமொழி வடிவத்தையே அம்மொழி பெரிதும் காப்பதால், அப்பெயருக்குள் அச்சொல் ஒளிந்திருப்பதில்லை. தமிழில் அது ஒளிந்திருப்பதற்குக் காரணம், வடசொல் தமிழ் ஒலிமரபிற்கேற்பத் திரிந்தமை. க்ன என்னும் கூட்டு, க்க என உருமாறியதே இவ்விடைக்கு வாயில் திறந்தது. தற்பவ விதிகளை அறியாத மொழிபெயர்ப்பாளர் இப்பாடலின் உயிர்நிலையை அறியார்.

இத்தகைய பாடல்களில் மூன்று செய்திகள் பாடலுக்கு வெளியே நிற்கின்றன: கேட்டவர் கொடுத்த சொல், அவர் கருதிய பொருள், அவை இருந்த நிலை. இம்மூன்றும் பாடலோடு சேர்ந்தே பொருள் தருகின்றன. தனிப்பாடல் பதிப்புகளில் பாட்டின் தலைப்பில் இன்னார் கேட்க இன்னபடி பாடியது என்று ஒரு வரிக்குறிப்பு வருவது வழக்கம். அக்குறிப்பினைப் பதிப்பாசிரியரின் அலங்காரமாகக் கருதி விடுத்தல் கூடாது. அதுவும் பனுவலின் ஒரு பகுதியே. மொழிபெயர்ப்பாளர்க்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, பெறும் மொழியில் அதே வகையான ஒரு பிரிப்பினைப் புதிதாக ஆக்குதல். இதற்குப் பொருளை விட்டுக்கொடுக்க நேரும். மற்றொன்று, பொருளைப் பெயர்த்து, நிகழ்வினையும் பிரிப்பினையும் உரைநடையில் விளக்குதல். இதற்குச் சுவையை விட்டுக்கொடுக்க நேரும். ஆராய்ச்சி நோக்கிற்கு இரண்டாவதே ஏற்றது; அரங்க நோக்கிற்கு முதலாவது.

9. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் அறியப்படுவன: ஆசுகவியின் இலக்கணத்தில் விரைவோடு பிறர் தரும் வரையறையும் இன்றியமையாதது. பகைப்போட்டிக் கதைகளுட் சில நட்புப் போட்டியாளர் வழியாகவே நம்மை வந்தடைந்தன. அவற்றைக் கால வரிசைக்குச் சான்றாக்குதல் கருதிச் செய்ய வேண்டியது. நிரோட்டகம், நிஷித்தாட்சரி, ஈற்றடி ஆகியவை முறையே ஒலியினம், எழுத்தின் எதிர்பார்ப்பு, சொல்லெல்லை ஆகிய மொழிக்கூறுகளைச் சோதிப்பன. ஈற்றடி விடையின் ஆற்றல், கொடுத்த சொல்லைக் காத்துப் பொருளை மாற்றுவதில் உள்ளது.

தெலுங்கு அவதானங்கள் இன்றும் நிகழ்கின்றன. அவற்றுட் பல ஒலி, ஒளிப் பதிவுகளாகவும் உள்ளன. தொகுத்து அச்சிடும்போது நிறைவுற்ற பாடல்களை மட்டும் வெளியிடாமல், பிருச்சகரின் வினா, விலக்கிய எழுத்துகள், சுற்றுதோறும் வளர்ந்த அடிகள், இடையில் நிகழ்ந்த உரையாடல் ஆகியவற்றையும் சேர்த்துப் பதிப்பித்தல் வேண்டும். தமிழில் 19ஆம் நூற்றாண்டு அவதானங்களிலிருந்து நமக்கு எஞ்சியவை பெரும்பாலும் பட்டங்களும் சில விடைகளுமே, வினாக்கள் போயின. சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இரு மொழியும் அறிந்த ஆய்வாளர்கள் இப்பணியை மேற்கொள்ளின், ஒரு மொழியின் பதிவைக் கொண்டு மற்றொரு மொழியின் இழப்பை ஓரளவேனும் உய்த்துணர இயலும்.